நானே தட்டிய அண்டா

ரெஜினா அண்டாவின் மூடியைத் திறந்தாள். கரண்டியை உள்ளே விட்டு ஒரு சொட்டுக் குழம்பை எடுத்து, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். முகம் கோணிப் போயிற்று. இன்னொரு சொட்டு விட்டு மறுபடியும் நக்கினாள்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீற?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அது. இன்னும் நான்கு மணி நேரத்தில் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டார் எங்கள் அயனம்பாக்கம் வீட்டுக்கு வந்து இறங்கப் போகிறார்கள். என் மூத்த மகள் ஸ்டெல்லாவுக்குப் பூ வைத்து, கல்யாணத்தைப் பேசி முடிக்க. அடுப்பு மேடையில் இருந்தது இருபத்தைந்து பேருக்கான வஞ்சிரம் மீன் குழம்பு. குழம்பு வைத்தவள் என் மனைவி. குழம்பு இருந்த அண்டாவை வெட்டி, வளைத்து, தட்டிச் செய்தவன் நான்.

"நாக்குல பேட்டரிக் கட்டைய வெச்ச மாரி கீது" என்றாள் ரெஜினா.

"உன் புளி சரியில்ல" என்றேன் நான்.

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதியதை எல்லாம் படித்தவர்களுக்குத் தெரியும், நான் தோற்ற கதை ஒன்றுகூட வரவில்லை. படித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. ஒரு வாசகி வேறு கேட்டிருந்தார்: "ஐயா, நீங்கள் தகட்டுத் தொழில் செய்தவராயிற்றே, சமையலுக்கு எந்தப் பாத்திரம் உடம்புக்கு நல்லது?" அம்மா, நீங்கள் கேட்ட ஆள் சரியான ஆள். கேட்ட விஷயத்தில் என்னைவிட அடிபட்டவன் கிடையாது.

தகடு என்றால் நான்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் என்னைத் தேடிக்கொண்டிருப்பார். பூந்தமல்லியில் ஒரு தகரக் கடையில் எடுபிடியாக நுழைந்து, சுத்தியல் பிடித்து, பிறகு பாடியில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். அந்தக் கதையை ஏற்கெனவே மூன்று வாரம் எழுதிவிட்டேன், விட்டுவிடுகிறேன்.

நான் செய்தவை குப்பைத் தொட்டி, தபால் பெட்டி, மண்ணெண்ணெய்ப் புனல், அரிசி டிரம். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் டிரம். லாரித் தண்ணீருக்கு ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலம் அது. அம்பத்தூர், பாடி, வானகரம் பக்கத்தில் நான் செய்த டிரம் வாசலில் நிற்காத தெருவே கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. ஊர் சொன்னது என்று நான்தான் எல்லாரிடமும் சொன்னேன்.

எல்லாம் ஜி.ஐ. தகடு. இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் ஏற்றியது. துரு பிடிக்காது. வெள்ளியில் பூப்போட்ட மாதிரி மினுமினுக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் போதும், எத்தனை கேஜ் கனம் என்று சொல்லிவிடுவேன். அந்தத் தகட்டின் மேல் எனக்கு அப்படி ஒரு காதல். ரெஜினாவுக்கு அதனாலேயே அதைப் பிடிக்காது.

என் மண்டையில் ஓடிய கணக்கு இதுதான்: இந்த டிரம்மில் தண்ணீர் பத்து நாள் கிடக்கிறது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழம்பும் தண்ணீர்தானே? அதில் கொஞ்சம் மிளகாயும் மீனும் போட்டால் என்ன ஆகிவிடும்?

மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவன் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

வாடகை அண்டாவா?

வீட்டில் பெரிய பித்தளை அண்டா ஒன்று உண்டு. ரெஜினா தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்தது. அதன் உள்பக்கம் வெள்ளீயப் பூச்சு போய், மஞ்சளாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பூச்சு இல்லாத பித்தளையில் புளி வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும் என்று அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூச்சு போடுகிறவரோ ஊருக்குப் போயிருந்தார்.

"வாடகைக் கடையில ஒரு எவர்சில்வர் அண்டா எடுத்துகினு வந்துடு" என்றாள் ரெஜினா.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"தகடு தொழில் பண்றவன் ஊட்ல வாடகை அண்டாவா? நாளைக்குப் பாடியில நான் தலை காட்ட வேணாமா?"

"தலைய அப்பறம் காட்டு. மொதல்ல சோத்தக் காட்டணும் வரவங்களுக்கு."

நான் கேட்கவில்லை. ஷெட்டில் இருந்ததிலேயே நல்ல தகடாக உருவி, ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு அண்டா தட்டினேன். ஓரத்தை மடித்து, மடிப்பைக் காரீயம் வைத்துப் பற்றவைத்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெயிலில் வைத்தபோது எதிர்க் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு மினுமினுப்பு.

மீதித் தகட்டில் சின்னதாக ஒரு சட்டியும் செய்தேன். அதை ஆவடிக்கு எடுத்துப் போய் மாப்பிள்ளையின் அம்மா கையில் கொடுத்தேன்.

"சம்பந்தி, கல்யாணச் சீர்ல கடைச்சாமான் ஒண்ணுகூட இருக்காது. அத்தினியும் என் ஷெட்ல செய்யறதுதான். இது சாம்பிள்" என்றேன்.

அந்த அம்மாள் பெயர் தெரசம்மாள். தூத்துக்குடிப் பக்கம். கணவர் இருந்தவரைக்கும் ஆவடித் தொழிற்சாலையில் வேலை, இப்போது அதே இடத்தில் மகன் லூர்து. சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல மினுக்கமா இருக்கு அண்ணாச்சி" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது பத்துப் பேரிடம் சொன்னேன்.

மீன் குழம்பு என்றால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். முதல் நாள் சாயங்காலமே வைத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க மூடி வைத்தால்தான் புளி மீனுக்குள் இறங்கும். கடற்கரைக்காரர்கள் வாயில் வைத்ததும் அசந்துபோக வேண்டும் என்று ரெஜினா புளியை ஒரு கை அதிகமாகவே கரைத்துவிட்டாள்.

மீனுக்குள் புளி இறங்கியது. கூடவே என் அண்டாவும் இறங்கியது.

ஆறு இட்லி, மூன்று துண்டு

"குழம்பு மட்டம் வரைக்கும் பாரு. மேல பளபளன்னு கீது, கீழ சாம்பலடிச்ச மாரி வெளுத்துகினு கீது. அந்தப் பளபளப்புலாம் எங்க பூடுச்சு?" என்றாள் ரெஜினா.

நல்ல கேள்விதான். பதில் சொல்லத் தெரியாதபோது நான் செய்கிற ஒரே காரியம், சவால் விடுவது.

"எடுத்து ஊத்துடி தட்டுல. நான் தின்னு காட்றேன்."

ஆறு இட்லி, மூன்று துண்டு மீன், இரண்டு கரண்டி குழம்பு. நாக்கு சுருங்கிற்று. பல் கூசிற்று. கடைசிவரை முகத்தில் காட்டவில்லை. "அமிர்தம்" என்று சொல்லி ஏப்பம்கூட விட்டேன்.

அவள் நம்பவில்லை. நான் மாதா கோயில் பூசைக்குக் கிளம்பிய பிறகு, பின்பக்கம் குழி வெட்டி மொத்தக் குழம்பையும் கொட்டி மூடிவிட்டாள். நாலு வீட்டுப் பாத்திரங்களைக் கடன் வாங்கி, கோழிக் குழம்பு கூட்டிவிட்டாள். நான் பூசை முடிந்து வந்தபோது வீடெல்லாம் மசாலா வாசனை.

சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். சண்டை வரவில்லை, இட்லி வந்தது.

கொல்லைப்புறம் ஓடினேன். திரும்பி வந்தேன். மறுபடி ஓடினேன். வயிற்றை யாரோ தகடு முறுக்குகிற மாதிரி முறுக்கினார்கள். கை நடுங்கிற்று, கண் சிவந்தது, நடந்தால் சுவர் என்னைப் பார்த்து வந்தது.

"டாக்டராண்ட போலாம் வா" என்றாள் ரெஜினா.

"ஒண்ணும் வேணாம். அண்டா மேட்டர் மட்டும் வெளிய வந்துது, அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும்?" என்றாள்.

அதற்குள் வாசலில் வேன் ஹாரன்.

சனிக்கிழமைக்கு மறுநாள்

வரவேற்கப் போன நான் கும்பிட்ட கையோடு தூணைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு குண்டு மனிதர், வாய் சும்மா இருக்காது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து சனிக்கிழமைல்லா! அம்பத்தூர்ல சம்பள நாளு. சம்பந்திக்கு இன்னும் தெளியல போல."

வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். தெரசம்மாள் சிரிக்கவில்லை.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா காப்பித் தட்டோடு வந்தாள். காலையிலிருந்து மூன்று தடவை பவுடர் போட்டிருந்தாள். லூர்துவை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல வேறு சாட்சி வேண்டாம். லூர்தும் காப்பியைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டான். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் நான் எழுந்து மூன்றாவது தடவையாகக் கொல்லைப்புறம் ஓடினேன். சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

திரும்பி வந்தேன். அவர்கள் கொண்டுவந்த பூத்தட்டு மூடியபடியே இருந்தது.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு கேப்பேன். தப்பா எடுக்கப்படாது" என்றார் தெரசம்மாள். "எங்க வீட்டுக்காரவ குடிச்சே போய்ச் சேந்துட்டாவ. எம் பிள்ளைக்குப் பொண்ணு எடுக்கிற வீட்ல அந்த வாடையே இருக்கக் கூடாதுன்னு மாதா முன்னால முழங்கால்ல நின்னு கேட்டிருக்கேன். நீங்க குடிப்பியளா?"

நான் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவன் இல்லை. ஒழுக்கம் என்று நினைக்காதீர்கள், ரெஜினா மேல் இருந்த பயம். "இல்லம்மா, என் அண்டாதான் என்னைக் கவுத்துடுச்சு" என்று ஒரு வரி சொன்னால் முடிந்துவிடும்.

அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டேன். குடிகாரன் என்றால் சனம் இரண்டு மாதத்தில் மறந்துவிடும். தகட்டுக்காரன் சவரிமுத்துவுக்கு ஒரு அண்டா செய்யத் தெரியவில்லை என்றால் பாடியில் இருபது வருஷம் பேசுவார்கள். அந்த மயக்கத்திலும் இந்தக் கணக்கைச் சுத்தமாகப் போட்டேன்.

"எப்பவாச்சும்... கொஞ்சம்" என்றேன்.

"நைனா!" என்றாள் ஸ்டெல்லா. தட்டில் இருந்த டம்ளர்கள் குலுங்கின.

"அடப் பாவி மனுசா" என்றாள் ரெஜினா. "இந்தாளு பொய் சொல்றாரும்மா. இவுரு..." நான் கையை உயர்த்தினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். முப்பது வருஷத்தில் நான் சொன்னதற்கு அவள் அடங்கியது அந்த ஒரு தடவைதான். அடங்கக் கூடாத நேரத்தில் அடங்கினாள்.

தெரசம்மாள் எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கோபம் இல்லை அந்த முகத்தில். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"பொண்ணு தங்கமான பொண்ணு. எனக்குத்தான் தைரியம் இல்ல அண்ணாச்சி. நீங்க குடுத்த சட்டியையும் திருப்பி அனுப்பிருதேன். மூத்தவ தலப்பிரசவத்துக்கு வந்திருக்கால்லா, வாய்க்கு ருசியா ஏதாச்சும் கேட்டா. மத்தியானம் அந்தச் சட்டியில புளிக்குழம்பு வச்சிச் சாப்பிடுன்னு சொல்லிட்டு வந்தேன். போனதும் கழுவி அனுப்பிருதேன்."

ஒரு வரி

வயிற்றுவலி நின்றுவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பயம் வந்தால் வலிக்கு இடம் இருக்காது.

நான் கொல்லைப்புறம் ஓடினேன். இந்தத் தடவை வாந்தி எடுக்க இல்லை. ரெஜினா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவைத் தூக்கிவந்து கூடத்துக்கு நடுவில், பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நான் குடிக்கல. இதுல வெச்ச மீன் குழம்பத் தின்னேன். நானே செஞ்ச அண்டா. உங்களுக்குக் குடுத்த சட்டியும் இதே தகடுதான். உங்க பொண்ணு அதுல சமைச்சுத் துன்னக் கூடாது. யாராச்சும் ஓடுங்க!"

லூர்து தொழிற்சாலையில் உலோகத்துக்குப் பூச்சு ஏற்றும் பிரிவில் வேலை செய்கிறவன். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான். மேலே மினுக்கம், கீழே வெளுப்பு. நகத்தால் ஒரு தடவைதான் சுரண்டினான்.

"ஐயோ மாமா, இது ஜி.ஐ.ல்லா! தண்ணிக்கு ஒண்ணும் செய்யாது. புளி பட்டா துத்தநாகம் கரைஞ்சு குழம்புல எறங்கிரும். ஓரத்துல காரீயம் வேற பத்த வச்சிருக்கியோ, அது வெசம். இதுல குப்பை போடலாம், குழம்பு வைக்கலாமா?"

சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான். வேனுக்கு முன்னால் அவன் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

"நீங்க எதுக்கு மாமா?"

"நான் செஞ்சது. நான்தான் வாங்கணும்" என்றேன்.

ஆவடி வரைக்கும்

அம்பத்தூர் ஓ.டி. தாண்டி ஒரு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னேன். திருமுல்லைவாயிலில் ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் மாப்பிள்ளையின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு போனேன். மாமனாராகப் போகிறவன் இப்படிப் போனதாக எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. வழியெல்லாம் எனக்குத் தெரிந்த ஜெபங்களை எல்லாம் சொன்னேன். எனக்குத் தெரிந்தது இரண்டுதான், அவற்றையே மாற்றி மாற்றிச் சொன்னேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கி உள்ளே பாய்ந்தோம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என் சட்டி அடுப்பு மேல். மூடி இடுக்கில் ஆவி. லூர்துவின் அக்கா, நிறைமாத வயிற்றோடு, முறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியளா?" என்று கத்தினான் லூர்து.

"இன்னும் குழம்பே கூட்டல. எதுக்குக் கத்துத?"

நான் துணிகூட இல்லாமல் வெறுங்கையால் மூடியை எடுத்தேன். உள்ளே வெறும் வெந்நீர்.

"அது குளிக்கதுக்கு வச்சிருக்கேன். குழம்பு மண்சட்டியில வைக்கப் போறேன். அம்மாதான் இதுல வையின்னா. எனக்கென்னமோ பாத்ததுமே வாளி மாதிரி தெரிஞ்சிது. வாளியில யாராச்சும் குழம்பு வைப்பாவளா?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இவிய யாரு, முகமெல்லாம் வெளிறிப் போய்?"

"வாளி செஞ்சவரு" என்றான் லூர்து.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணை மூடித் தடவினால் கேஜ் சொல்பவன் நான். அந்தப் பெண் ஒரு பார்வையில் என் ஆயுள் தொழிலையே எடை போட்டுவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு மட்டும் புத்தி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதையும் வாந்தி என்று நினைத்து அவள் ஒரு பாத்திரத்தை நீட்டினாள். அதுவும் என் சட்டிதான், வெந்நீரைக் கொட்டிவிட்டு.

பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் எனக்கு ஊசி போட்டார். "ஏனய்யா இத்தனை சாப்பிட்டாய்?" என்றார். "நல்லா இருக்குன்னு காட்டறதுக்கு" என்றேன். அவர் அதற்கும் ஒரு மருந்து எழுதியிருக்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று லூர்து ஆவடி பூத்திலிருந்து எங்கள் தெருக் கடைக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தான். சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது வேன் இன்னும் வாசலில் நின்றது. கோழிக் குழம்பு காலி. ஸ்டெல்லா தலையில் பூ.

தெரசம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "குடிகாரன்னு பேரு வாங்குனாலும் வாங்குவேன், எம் பொருளைக் குத்தம் சொல்ல விட மாட்டேன்னு இருந்திய, பாத்தியளா! அப்படிப்பட்ட மனுசன் எம் மவ பேரைச் சொன்னதும் அண்டாவத் தூக்கிக்கிட்டு வந்துட்டிய. எனக்கு அது போதும். சீரு செனத்தி எதுவும் கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு, பாத்திரம் மட்டும் கடையில வாங்கிருங்க."

தாய்மாமன் விழுந்து விழுந்து சிரித்தார். பாடியில் அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. இருபது வருஷம் என்று நான் போட்ட கணக்கும் தப்பு. இன்னும் பேசுகிறார்கள்.

கல்யாணப் பாத்திரம் வாங்கப் போனபோது கடைக்காரர் எதை நீட்டினாலும், "இதுல புளி வெச்சா இன்னா ஆவும்?" என்று கேட்டேன். எட்டாவது பாத்திரத்தில் அவர் கும்பிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், வாசகி அம்மா: பாத்திரத்தின் மினுக்கத்தைப் பார்க்காதீர்கள், அது எதில் செய்தது, எதற்காகச் செய்தது என்று கேளுங்கள். புளிக்கு எவர்சில்வரும் மண்சட்டியும். தோசைக்கு இரும்புக் கல். அலுமினியத்தில் ரசத்தை ஊற்றி ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். பித்தளை என்றால் வெள்ளீயப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். சில வருஷம் கழித்து ஸ்டெல்லா ஒட்டாத நான்ஸ்டிக் தவா ஒன்று வாங்கினாள். கறுப்பாக இருக்கிறதே என்று கம்பி நார் போட்டு அரை நாள் தேய்த்து, அதை வெள்ளையாக்கிக் கொடுத்தவனும் நான்தான். அதையும் செய்யாதீர்கள்.

அந்த அண்டாவைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ரெஜினா அடியில் ஆணி வைத்து ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டாள். இன்றைக்கு அது என் தோளுக்கு மேல் நிற்கிறது. தாளிக்க அவள் தினமும் அதில்தான் இலை கிள்ளுகிறாள்.

"பாத்தியா, என் அண்டா இல்லாம இந்த ஊட்ல ஒரு நாள் சமையல் நடக்குதா?" என்று போன வாரம்கூடக் கேட்டேன்.

"ஓட்டை போட்டப்பறந்தான்யா அது உருப்பட்டுச்சு" என்றாள்.